விழுந்தவன் வைத்த கும்பிடு

சென்ற மாதம் ஒரு காலை, நான் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்த பட நிறுவனத்திலிருந்து நதீன் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபின் அங்கே பொறுப்புக்கு வந்த சுவிஸ் பெண். சுகம் விசாரித்தாள், மழையைப் பற்றி இரண்டு வசனம் சொன்னாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ரத்தினம், எங்கள் புதுப் படத்தில் ஒருவன் கட்டிடச் சாரத்திலிருந்து விழுகிறான். விழுந்தவன் எழும்பி, இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைக்கிறான். நாங்கள் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இது என்ன?"

பெர்ன் நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த அலுவலகம் ட்ராமில் பத்து நிமிடம். போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே நடிகர் இல்லை, மெத்தை இல்லை, வெளிச்சம் பிடிக்க ஆள் இல்லை. வேண்டியதை எழுதிக் கொடுத்தால் கணினியே ஆளையும் செய்து விழவும் வைக்கிறது. எப்படி விழுவது என்று அதற்குப் படிப்பிக்க எங்கள் பழைய படங்கள் முழுவதையும் ஊட்டியிருக்கிறார்கள். திரையில் மஞ்சள் தலைமயிரும் நீலக் கண்ணும் தலைக்கவசமுமாக ஒரு சுவிஸ்காரன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். எழும்பினான். தூசு தட்டினான். கோயில் வாசலில் நிற்கிற மாதிரிக் கும்பிட்டான்.

"கும்பிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது தலையையும் குனிகிறான். இது யோகாவா?" என்றாள் நதீன்.

"இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி எழுதித் தாருங்கள், இங்கே உள்ள இளம் ஆட்களும் வாசிப்பார்கள் என்றாள். அவளுக்கு டொச், அதாவது ஜெர்மன், மொழியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டொச்சில் எனக்கு அவ்வளவுதான் வரும். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் சுவிற்சர்லாந்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகனாக இருந்தவன். பிறகு இயக்குநரானவன். இதைச் சொன்னால் நம் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். என் படம் எந்தத் தியேட்டரிலும் ஓடியதில்லை. ஆஸ்பத்திரிச் சமையற்கூடம், சலவை நிலக்கீழ் அறை, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை, இவைதான் என் தியேட்டர்கள். வேலைக்குச் சேரும் முதல் நாள் கட்டாயம் பார்க்க வேண்டும், பார்த்து விளங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். இப்படி ஒரு ரசிகர் கூட்டம் எந்தப் பெரிய நடிகனுக்கும் வாய்க்கவில்லை.

அவை வேலையிடப் பாதுகாப்புப் படங்கள். தமிழனும் போர்த்துக்கீசனும் கொசோவோக்காரனும் எரித்திரியனும் ஒரே இடத்தில் பாத்திரம் கழுவுகிறபோது எந்த மொழியில் எச்சரிப்பது? ஆகவே பேச்சே இல்லை. பியானோ மட்டும். ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர். ஒருவன் பிழையாகச் செய்து விழுவான், மற்றவன் சரியாகச் செய்து நிற்பான். விழுகிறவன் நான். நிற்கிறவன் ரெட்டோ என்ற சுவிஸ் நடிகன். யார் எந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தம் என்று யாரும் யோசித்து நேரத்தை வீணாக்கவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சின்னது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஒரு பெரிய சமையற்கூடத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரத் தரையைப் பற்றிப் படம் எடுக்க வந்தார்கள். சூரிச்சிலிருந்து வந்த நாடக நடிகர் ஒன்பது தரம் விழுந்தார். ஒன்பது தரமும் ஒரு அரசன் போர்க்களத்தில் சாய்கிற மாதிரியே விழுந்தார். நான் சூப்புக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன், அவர் காலை மிதிக்கக்கூடாதென்று விலகினேன், வழுக்கினேன். கோப்பை அத்தனையும் போயிற்று. தலைமைச் சமையற்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போனால் வதிவிட அனுமதிக்கு என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டென்று எழும்பி, ஏப்ரனைத் தட்டி, அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். சமையற்கூடமே சிரித்தது.

கமராவுக்குப் பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். "இன்னொரு தரம். அந்தக் கையோடு" என்றார். அவர்தான் லூதி, அந்தச் சின்ன நிறுவனத்தின் முதலாளியும் இயக்குநரும். நாடக நடிகர் அன்றைக்கே சூரிச்சுக்குத் திரும்பிப் போனார்.

லூதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆப்பிளை எடுத்து, சட்டைப்பைக் கத்தியால் எட்டாக வெட்டி, எட்டையும் தானே சாப்பிடுவார். யாருக்கும் ஒரு துண்டு நீட்டியதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். எல்லாவற்றையும் அளப்பார். நான் விழும் நேரம், எழும்பும் நேரம், கும்பிடும் நேரம் எல்லாம் அவருடைய சின்னக் கொப்பியில் செக்கன் கணக்கில் இருக்கும். நன்று என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மிக மிகத் திருப்தி என்றால் பெர்ன் டொச்சில் "நிட் ஷ்லெக்ட்" என்பார். மோசமில்லை என்று பொருள். அது எனக்கு மாலை போட்டு மேளம் அடித்த மாதிரி.

விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாடி நெஞ்சோடு ஒட்ட வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். பின்னால் விழுந்தாலும் கொஞ்சம் திரும்பி, தொடைச் சதையில் முதலில் இறங்க வேண்டும். உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். இதை ஒரு மாதத்தில் பழகினேன். பாதுகாப்புச் சட்டத்தைப் பழகத்தான் வருடங்கள் எடுத்தன. நான் பிழையாக வேலை செய்வதைப் படமாக்க, எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு விழுகைக்கும் ஆறு பக்கப் படிவம். ஆபத்து: விழுதல். நடவடிக்கை: மெத்தை. மிச்ச ஆபத்து: இல்லை. ஏணியிலிருந்து விழுவதற்கு முன் ஏணியிலிருந்து விழாமல் இருப்பதற்கான இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். வழுக்காத சப்பாத்து கட்டாயம். அந்தச் சப்பாத்து வழுக்க மறுத்தது. சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், அப்போதும் மறுத்தது. கடைசியில் அடியில் வழவழப்பான பிளாஸ்ரிக்கை ஒட்டினோம். ஒட்டலாம் என்பதற்கும் ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் என்னைப்போல் பாதுகாப்பாக வேலை செய்தவன் ஒருவனும் இருக்கமாட்டான்.

பெயர் பரவியது. பெர்ன் கோயிலில் தேர் இழுக்கையில் பின்னால் நிற்பவர், "இவர்தானே இறைச்சி சீவுற மெஷினுக்கை கை விட்டவர்" என்று மனைவிக்குக் காட்டுவார். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் வந்து, "அங்கிள், ஒருக்கா விழுங்கோ" என்று கேட்கும். என் மனைவி சந்திராவுக்கு இது பிடிக்காது.

"எத்தினை வருசமாப் பிழைவிடுறியள்? ஒருக்கா எண்டாலும் சரியாச் செய்யிற ஆளா வரக்கூடாதோ? பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை நான் என்னத்தைச் சொல்ல?"

லூதியிடம் கேட்டேன். அவர் ஆப்பிளின் இரண்டு துண்டைச் சாப்பிடும்வரை யோசித்தார். "சரியாகச் செய்பவனை யாரும் பார்ப்பதில்லை" என்றார். இதை ரெட்டோவின் முன்னாலேயே சொன்னார். ரெட்டோ பாவம், தலையை ஆட்டினான். அவனுக்கும் ஒரு தரமாவது விழ ஆசை. ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டும் பார்த்தோம். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொழிலாளி அப்படி விழமாட்டான், நம்பும்படி இல்லை என்று பதில் வந்தது.

இப்படி நான் சிரிக்கச் சிரிக்க விழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் பாலன் விழுந்தான்.

பாலன் ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவன். முப்பது வயது. மனைவியும் சின்ன மகளும் வவுனியாவில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும், அதற்காக மூன்று வருடம் ஒரு நாள் லீவு எடுக்காமல் உழைத்தவன். சில்லுப் பூட்டிய அலுவலகக் கதிரையில் ஏறி விளக்குத் துடைக்கப்போய் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 'உயரம்' என்ற எங்கள் படத்தைப் பார்த்து அவன் கையெழுத்து வைத்திருந்தான். அந்தப் படத்தில் நான் அதே மாதிரிக் கதிரையில் ஏறி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்து, எழும்பிக் கும்பிடுவேன். தெரிந்தே விதியை மீறினான், ஆகவே சுகம் வந்தபின் வேலை இல்லை என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். படம் எடுத்த நிறுவனத்தையும் அழைத்தார்கள். மொழிபெயர்க்கத் தனியாக ஒருவரைத் தேடுவானேன், விழுகிறவர் தமிழர்தானே என்று என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

நீளமான மேசை. ஒரு பக்கம் இல்லத் தலைவி, காப்புறுதிக்காரர். மறுபக்கம் லூதியும் நானும். நடுவில் இரண்டு ஊன்றுகோலோடு பாலன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது, இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"தம்பி, நடந்ததைச் சொல்லு. நான் டொச்சிலை சொல்லுறன்."

"ஏணி கீழை பூட்டி இருந்தது அண்ணை. கதிரை பக்கத்திலை நிண்டது."

"படம் பார்த்தனியோ எண்டு கேக்கினம்."

"ஓம், பார்த்தன். அதாலைதான் ஏறினன்."

"என்னடா சொல்லுறாய்?"

"கதிரை உருளும் எண்டு எனக்குத் தெரியும். நீங்களும் உருண்டு விழுந்தனீங்கள்தானே. ஆனா நீங்கள் எழும்பினீங்கள். தூசைத் தட்டிப்போட்டுக் கும்பிட்டனீங்கள். விழுந்தா அவ்வளவுதான் எண்டு நினைச்சன். நான் எழும்பேல்லை அண்ணை."

அவன் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னான்.

"என்ன சொல்கிறார்?" என்று தலைவி கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். அவனுக்கு டொச் அவ்வளவு விளங்காது. படம் பிழை என்று வந்தால் அந்த இல்லம் மட்டுமல்ல, எல்லா வாடிக்கையாளரும் போவார்கள். லூதியின் நிறுவனம் போகும், என் வேலை போகும், அந்த வருடம் வாங்கிய வீடு போகும். மௌனத்தில் எனக்கு நல்ல பயிற்சி. ஆனாலும் அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கும்பிட்டதையும் சொன்னேன்.

தலைவி நம்பவில்லை. "படத்தின் முடிவில் சரியான முறை தெளிவாக இருக்கிறதே. ஏணியில் ஏறும் மனிதர்?"

அதைப் பாலனிடம் கேட்டேன். "அந்த வெள்ளைக் கோட்டுப் போட்டவரோ? அவர் மேலாளர் எல்லோ. நீங்கள் துடைச்ச விளக்கு சுத்தமோ எண்டு பார்க்க ஏறினவர்."

காப்புறுதிக்காரர் சிரித்துவிட்டார். லூதி சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், படத்தைப் போடுங்கள், வெளியே வேலை செய்பவர்களையும் கூப்பிடுங்கள் என்றார். துப்புரவுப் பெண்கள் நான்கு பேர் கையுறையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி போர்த்துக்கல், ஒருத்தி எரித்திரியா, இருவர் கொசோவோ. படம் ஓடியது. நான் விழுந்ததும் நால்வரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு ரெட்டோ வந்தான். கசங்காத கோட்டு. ஏணியில் இரண்டு படி ஏறினான். விளக்கின் மேல் ஒரு விரலை ஓட்டி, விரலைப் பார்த்து, தலையசைத்தான்.

"இதில் தொழிலாளி யார்?" என்று லூதி கேட்டார். நால்வரும் என்னைக் காட்டினார்கள்.

"இவர்?" என்று திரையில் நின்ற ரெட்டோவைக் காட்டினார்.

"ஷெஃப்" என்றார்கள் நால்வரும், டொச்சில் அது மேலாளர். அவர்களைக் கூட்டிவந்த அவர்களுடைய ஷெஃப் பக்கத்தில் நின்றார். அவரும் தினமும் அப்படித்தான் விரலை ஓட்டிப் பார்ப்பார் போலிருக்கிறது. அவர் தரையைப் பார்த்தார்.

லூதி ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்தார். "பிழையான பகுதி இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன். சரியான பகுதி பதினெட்டு செக்கன்" என்றார். பிறகு எழுந்து நின்று, "படம் மோசம். எடுத்தது நான்" என்றார்.

சொந்த வேலையைப் பற்றி ஒரு சுவிஸ்காரர் கூட்டத்தில் இப்படிச் சொன்னதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்கவில்லை. தலைவிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பாலனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. உட்கார்ந்தபடி துணி மடிக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த நிரந்தர வேலைக் கடிதமும் கொடுத்தார்கள். அவன் மனைவியும் மகளும் வந்து சேர்ந்த அன்று விமான நிலையத்துக்கு நானும் போனேன், ஒரு மூலையில் நின்று அழுதேன்.

கூட்டம் முடிந்து திரும்புகிற ரயிலில் சூரிச் தாண்டியதும் லூதி தன் கொப்பியை மூடினார். பிறகு கேட்டார்.

"அந்தக் கும்பிடு யாருடைய யோசனை?"

"என்னுடையது."

"அதை வைத்திருந்தது யார்?"

"நீங்கள்."

ஆப்பிளை எடுத்தார். பகல் மூன்று மணி, அவருடைய வழக்கத்துக்கு அது பெரிய மீறல். இரண்டாக வெட்டி ஒரு பாதியை எனக்கு நீட்டினார். "அடுத்த படத்தை நீ எடு" என்றார். நான் இயக்குநரானது அப்படித்தான்.

நான் எடுத்த முதற் படத்தில் ரெட்டோவை விழவைத்தேன். இருபது வருடத் தாகம் அவனுக்கு, அற்புதமாக விழுந்தான். ஆனால் எழும்ப விடவில்லை. பியானோவை நிறுத்திவிட்டு, தரையில் கிடக்கும் அவனையே கமராவில் காட்டினேன். வாடிக்கையாளரின் குழு கூடியது. தொழிலாளரின் மனம் சோர்ந்துவிடும், கொஞ்சம் கையையாவது அசைக்கலாமே என்றார்கள். நான் பதினைந்து செக்கன் கேட்டேன். அவர்கள் மூன்று என்றார்கள். மீன் சந்தையில் நிற்கிற மாதிரி இழுபறிப்பட்டு எட்டில் முடித்தோம். ஓய்வு பெறும்வரை என் படங்களில் விழுந்தவர்கள் எல்லோரும் எட்டு செக்கன் கிடந்தார்கள். சிரிப்பு குறைந்தது. எனக்குக் கவலை இல்லை. சந்திராவுக்கும் நிம்மதி. என் மனுசன் இப்ப மற்ற ஆக்களை விழுத்துறார் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

நான் அப்படித் துடைத்தெறிந்த கும்பிட்டைத்தான் இந்தக் கணினி பழைய படங்களுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறது. எழும்பும் படங்கள் நிறைய, எழும்பாத படங்கள் கொஞ்சம், அதனால் விழுந்தவன் எழும்புவதுதான் முறை என்று அது நினைக்கிறது என்றாள் நதீன். யாராவது விழுந்து நீண்ட நேரம் கிடந்து காட்டினால் அதற்குப் படிப்பிக்கலாமாம். யார் விழுவது? என்னைப் பார்த்தாள்.

"விசரே உங்களுக்கு? முழங்காலுக்கு ஊசி போட்டு ஆறு மாசம் ஆகேல்லை" என்று சந்திரா கத்தினாள். நான் பாலனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நானும் வாறன் அண்ணை" என்றான்.

அதே ஆறு பக்கப் படிவம், இப்போது திரையில். விழுபவரின் வயது என்ற பெட்டி அறுபத்தைந்துக்கு மேல் ஏற்காது. எனக்கு அறுபத்தேழு. நதீன் அறுபத்தைந்து என்று போட்டாள். மிச்ச ஆபத்து: இல்லை. பாலன் சுவரோரம் ஒரு கதிரையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான், சில்லு இல்லாத கதிரையாகத் தேடி எடுத்திருந்தான். இதற்கென்று வாடகைக்கு எடுத்த மெத்தைமேல் விழுந்தேன். நாடி நெஞ்சோடு, மூச்சு வெளியே, உள்ளங்கை தரையில். எல்லாம் ஞாபகம் இருந்தது. அசையாமல் கிடந்தேன். பதினைந்து, முப்பது, ஒரு நிமிடம்.

"நன்றி" என்றாள் நதீன். நான் எழும்பவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். "மூச்சைக்கூட அப்படியே நடிக்கிறார்" என்றான் அன்றைக்கு மட்டும் வரவழைத்த கமராக்காரன். முழங்கால் பூட்டிக்கொண்டது. நோவில் கண் இருட்டியது. வாய் திறந்தாலும் சத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் மிக நன்றாக நடித்த காட்சி என்று அவர்கள் அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"அண்ணை, நடிக்கிறியளோ?" பாலனின் குரல் கேட்டது.

"இல்லையடா" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

தடி தரையில் தட்டுகிற சத்தம் கிட்ட வந்தது. "அவர் நடிக்கவில்லை" என்று டொச்சில் சத்தமாகச் சொல்லிவிட்டு, தடியின் கைபிடியை என் பக்கம் நீட்டினான். முறிந்த இடுப்புக்காரனும் பூட்டிய முழங்கால்காரனுமாக நாங்கள் எழும்ப நெடுநேரம் பிடித்தது. மற்றவர்கள் உதவிக்கு ஓடி வந்தபோது பாதி எழும்பியாகிவிட்டது. நின்றதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பழக்கம், கை இரண்டும் தானாக மேலே வந்தன. பாலன் என்னைப் பார்த்தான். கையை இறக்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கமராவை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை. முழுவதையும் அப்படியே கணினிக்கு ஊட்டிவிட்டார்களாம். நேற்று நதீன் அழைத்தாள். மஞ்சள் தலைமயிர்க்காரன் இப்போது விழுந்தால் எழும்புவதில்லை, தடியோடு யாராவது வரும்வரை கிடக்கிறான், வாடிக்கையாளர்கள் இவ்வளவு நீளமாகப் பார்க்க நேரம் போதாது என்கிறார்கள் என்று குறைப்பட்டாள்.

"எழும்பினபிறகு கும்பிடுகிறானா?" என்று கேட்டேன்.

"இல்லை. வந்தவனின் தோளைப் பிடித்துக்கொள்கிறான்" என்றாள்.